பிரேக் இல்லாத பைக் ரேஸ்: இரண்டாம் பிரிவு லீக் எப்படி நடக்கிறது?

ஹட்டனிலிருந்து கேள்வி:
அண்ணாமாரே, இங்கிலாந்து ஸ்பீட்வே (வட்டப் பாதை பைக் ரேஸ்) லீக்கின் இரண்டாம் பிரிவுப் போட்டிகளை இப்போதுதான் யூடியூபில் பார்க்கத் தொடங்கினேன். தியத்தலாவை ஃபொக்ஸ்ஹில் ரேஸில் மேடு பள்ளம், தாவல் என்று பார்த்துப் பழகியவன் நான். இதில் வட்டத்தைத்தான் சுற்றுகிறார்கள், ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. புள்ளி எப்படிப் போடுகிறார்கள்?

பண்டாரவளை:
தம்பி, ஒரு ஹீட்டில், அதாவது ஒரு ஓட்டத்தில், நாலு பேர், அணிக்கு இரண்டு பேர், நாலு சுற்று. முதலாவதாக வருபவருக்கு 3, அடுத்து 2, 1, கடைசி ஆளுக்கு ஒன்றுமில்லை, அதனால் இரண்டு பேரும் முன்னால் வந்தால் 5-1. ஒரு போட்டிக்கு 15 ஹீட். பைக் 500 சிசி, மெத்தனோலில் ஓடுவது, பிரேக்கே கிடையாது. எப்போதும் இடப்பக்கம்தான் திருப்பம், பின் சக்கரத்தைச் சறுக்கவிட்டுத்தான் வளைவை எடுக்கிறார்கள். ஈரத் தேயிலை ரோட்டில் பைக் ஓட்டியவர்களுக்கு அந்தப் பயம் புரியும்.

நுவரெலியா:
2018 சீசனைத் தேடிப் பாருங்கள். வர்க்கிங்டன் கொமெட்ஸ் என்ற சின்ன ஊர் அணி லீக், நொக்அவுட் கிண்ணம், ஷீல்ட் மூன்றையும் வென்றது, ஆனால் அடுத்த சீசனில் களத்திலேயே இல்லை. எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை. அப்புறம் ஒன்று, மேல் பிரிவில் ஓடும் வீரர்கள் சிலர் அதே சீசனில் இந்த இரண்டாம் பிரிவிலும் ஓடுவார்கள், பெயர்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

ஹட்டன்:
நன்றி அண்ணா, அந்த 5-1 கணக்கு இப்போதுதான் விளங்கியது. இன்று இரவே 2018 இறுதிப் போட்டியைத் தேடுகிறேன்.