ஒரே நிரல், இரு கணினிகள், இரு விடைகள்: மிதவைப்புள்ளிக் கணக்கில் ஏன் இந்த வேறுபாடு?

வேளச்சேரிவாசி:
வணக்கம். எங்கள் பகுதியின் மழைநீர் வடிகால்களில் நீர் ஓடும் வேகத்தை மேனிங் சூத்திரப்படி கணக்கிட்டு, விநாடிக்கு விநாடி நீர்மட்டத்தைச் சொல்லும் நிரல் ஒன்றை சி மொழியில் எழுதியிருக்கிறேன். விண்டோஸ் உள்ள இன்டெல் மடிக்கணினியில் ஒரு விடையும், லினக்ஸ் உள்ள ஆர்ம் சர்வரில் வேறு விடையும் வருகின்றன. தொடக்கத்தில் பதினாறாம் இலக்கத்தில் மட்டும் தெரிந்த வேறுபாடு, ஆறு மணி நேர மழையை ஓட்டி முடிப்பதற்குள் மூன்றாம் தசம இடத்துக்கு வந்துவிடுகிறது. வடிகால் நிரம்பி வழியத் தொடங்கும் நேரமும் மாறுகிறது. இரண்டிலும் 64 பிட் ஜிசிசி கம்பைலர், அதே ஓ2 (வேகமாக்கும் நிலை), எல்லா மாறிகளும் டபுள் (ஏறத்தாழ 16 இலக்கத் துல்லியமுள்ள மிதவைப்புள்ளி எண் வகை). எந்த விடையை நம்புவது?

தரமணி நிரலாளர்:
பெருக்கிக் கூட்டும் இடங்களை முதலில் பாருங்கள். ஆர்ம் 64 பிட் செயலியில் பெருக்கலையும் கூட்டலையும் ஒரே கட்டளையில் செய்து, இறுதியில் ஒரே ஒரு முறை முழுதாக்கும் (ரவுண்ட் செய்யும்) எஃப்.எம்.ஏ. அடிப்படையிலேயே உண்டு, ஜிசிசி அதைக் கேட்காமலே பயன்படுத்திக்கொள்ளும். இன்டெலுக்கு நீங்கள் தனியாகச் சொன்னாலன்றி அது பயன்படுத்தாது. 0.1-ஐ உள்ளீடாக வாங்கி, பத்தால் பெருக்கி, ஒன்றைக் கழித்துப் பாருங்கள். இன்டெலில் பெருக்கற்பலன் சரியாக 1 என்று முழுதாக்கப்படுவதால் விடை 0. ஆர்மில் ஏறத்தாழ 5.55 × 10⁻¹⁷. இரும எண் முறையில் 0.1-ஐத் துல்லியமாக எழுத முடியாததால் விளைந்த அந்தச் சிறு மிச்சத்தை எஃப்.எம்.ஏ. தொலைக்காமல் காட்டிவிடுகிறது. இப்படிச் சேர்ப்பதைக் கட்டுப்படுத்தும் எஃப்.எஃப்.பி-கான்ட்ராக்ட் விருப்பத்தை 'ஆஃப்' என வைத்து இரண்டிலும் மீண்டும் கம்பைல் செய்யுங்கள்.

கிண்டி ஆசிரியர்:
அது பாதி வேலைதான். மேனிங் சூத்திரத்தில் சரிவின் வர்க்கமூலமும் நீரியல் ஆரத்தின் (நீரோட்டக் குறுக்குப்பரப்பை நனையும் சுற்றளவால் வகுத்தது) மூன்றில் இரண்டாம் அடுக்கும் வருகின்றன. மிதவைப்புள்ளிக் கணக்குக்கான ஐஈஈஈ 754 தரம், 1985-இல் வெளியான நாள் முதலே, வர்க்கமூலத்தின் விடை கடைசி பிட் வரை சரியாக முழுதாக்கப்பட வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறது. அடுக்கு காணும் 'பவ்' சார்புக்கு அப்படிப்பட்ட கட்டாயம் இல்லாததால், விண்டோஸின் கணித நூலகமும் லினக்ஸின் கணித நூலகமும் கடைசி பிட்டில் வேறுபடலாம்; அது எவருடைய பிழையும் அன்று. விடை பிட்டுக்குப் பிட் ஒத்திருக்க வேண்டுமானால், சரியாக முழுதாக்கும் 'பவ்' ஒன்றின் மூலநிரலை உங்கள் நிரலோடு சேர்த்தே கம்பைல் செய்துகொள்ளுங்கள்.

எதை நம்புவது என்று கேட்டீர்கள். கான்கிரீட் வடிகாலின் சொரசொரப்பு எண்ணை 0.013 என்று வைக்கிறோம், அது 0.012-ஆ, 0.015-ஆ என்பதே பொறியாளரின் மதிப்பீடுதான். அந்த ஐயத்துக்கு முன்னால் பதினாறாம் இலக்கம் பொருட்டே இல்லை. ஆனால் அது மூன்றாம் தசம இடம் வரை வளர்கிறது என்றால், நிரலில் எங்கோ ஒரு 'இஃப்' நிபந்தனை மயிரிழை வேறுபாட்டில் வேறு பாதைக்குத் தாவுகிறது. அதைத்தான் நான் முதலில் தேடுவேன்.

வேளச்சேரிவாசி:
மிக்க நன்றி, ஐயா. நீங்கள் சொன்னபடியே, நீர்மட்டம் கரையை விட உயர்ந்ததா என்று நேரடியாக ஒப்பிடும் வரி ஒன்று இருந்தது. ஆர்மில் அது ஒரு படி முன்னதாகவே உண்மையாகிவிட்டது. மட்டம் கரையைக் கடந்ததும் முழு வழிதலையும் ஒரேயடியாகத் திறந்துவிடாமல், கடந்த உயரத்துக்கு ஏற்பப் படிப்படியாகக் கூடும்படி மாற்றி எழுதினேன். எஃப்.எம்.ஏ.-வையோ 'பவ்'வையோ இன்னும் தொடவில்லை. ஆயினும் ஆறு மணி நேர முடிவில் இரண்டு விடைகளும் பதினோராம் இலக்கம் வரை ஒத்துப்போகின்றன.