லீவ் லெட்டரில் ஒன்பது சிவப்பு வட்டம்: ஆங்கிலத்தில் எங்கே கேப்பிடல், எங்கே ஸ்மால்?

அம்பத்தூர் ஸ்டோர்ஸ்

வணக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன், பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். போன வாரம் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்ததால் மூன்று நாள் லீவ் கேட்டு ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். லீவ் கிடைத்தது, ஆனால் லெட்டர் திரும்பி வந்தபோது அதில் ஒன்பது சிவப்பு வட்டம். ஃபாதர், ஹாஸ்பிடல், மேனேஜர், லீவ், கம்பெனி, டாக்டர், ஆபரேஷன் ஏழுக்கும் கேப்பிடல் போட்டது தப்பாம். மைலாப்பூருக்கும் வெட்னஸ்டேவுக்கும் போடாமல் விட்டதும் தப்பாம். முக்கியமான சொல், மரியாதையான சொல் என்றால் கேப்பிடல் என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அப்பாவை ஸ்மால் லெட்டரில் எழுத எனக்குக் கையே வரவில்லை. இதற்கு என்னதான் கணக்கு என்று யாராவது புரியும்படி சொல்லுங்கள்.

மாம்பலம் டீச்சர்

தம்பி, அப்பா இப்போது பரவாயில்லையா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

கேப்பிடல் எழுத்து மரியாதைக்கு இல்லை. நம் 'அவர்' வேலையை ஆங்கிலத்தில் அது செய்வதில்லை. அந்தச் சொல் ஒருவருக்கோ ஒன்றுக்கோ வைத்த பெயரா, அல்லது அந்த மாதிரி எல்லாவற்றுக்கும் பொதுவான சொல்லா என்பது மட்டும்தான் கேள்வி. ஹாஸ்பிடல் என்றால் ஊரில் நூறு இருக்கிறது, ஸ்மால். ராஜீவ் காந்தி கவர்மென்ட் ஜெனரல் ஹாஸ்பிடல் என்று முழுப்பெயரை எழுதினால் ஒவ்வொரு சொல்லுக்கும் கேப்பிடல், ஏனென்றால் அந்த இடத்தில் ஹாஸ்பிடல் என்பதும் பெயரின் ஒரு துண்டு. அடுத்த வரியிலேயே 'த ஹாஸ்பிடல்' என்று வந்தால் மறுபடியும் ஸ்மால்.

அப்பா விஷயம் உங்களைப் போலவே என் மாணவர்கள் பலரையும் உறுத்தியிருக்கிறது. 'என் அப்பா வந்தார்' என்கிறோம், 'அப்பா வந்தார்' என்றும் சொல்கிறோம் இல்லையா? முதலாவதில் அது ஒரு உறவு, மை ஃபாதர், ஸ்மால். இரண்டாவதில் அவர் பெயருக்குப் பதிலாகவே அந்தச் சொல் நிற்கிறது, அங்கே கேப்பிடல். முன்னால் மை, ஹிஸ், ஏ, த என்று ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் ஸ்மால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. 'காமன் நவுன்' என்றால் பொதுப்பெயர், 'ப்ராப்பர் நவுன்' என்றால் சிறப்புப்பெயர் என்று நாமே மனத்தில் மொழிபெயர்த்துக்கொள்கிறோம். ஆனால் நம் இலக்கணத்தில் மரம் இடுகுறிப் பொதுப்பெயர், மா இடுகுறிச் சிறப்புப்பெயர். பறவை காரணப் பொதுப்பெயர், மரங்கொத்தி காரணச் சிறப்புப்பெயர். இதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் மேங்கோவுக்கும் வுட்பெக்கருக்கும் கேப்பிடல் விழும், இரண்டும் தப்பு. ஆங்கிலத்துக்கு மாமரம் என்பதும் ஒரு வகைதான், உலகத்தில் கோடி மாமரம் இருக்கிறதே. நாம் சிறப்பு என்பது வேறு, அவர்கள் ப்ராப்பர் என்பது வேறு. இதை வகுப்பில் யாரும் பிரித்துச் சொல்லாததில் எனக்கு நிறைய வருத்தம் உண்டு.

ராயப்பேட்டை ப்ரூஃப்

டீச்சர் சொன்னது சரி. அச்சகத்தில் ப்ரூஃப் திருத்துகிற ஆள் நான். ஸ்மாலைக் கேப்பிடல் ஆக்க எழுத்துக்கு அடியில் மூன்று கோடு போடுவோம், கேப்பிடலைக் குறைக்க எழுத்தின் மேல் ஒரு சாய்கோடு இழுப்போம். ஆங்கிலப் ப்ரூஃப் எது வந்தாலும் மூன்று கோட்டைவிட சாய்கோடுதான் அதிகம், நம்மவர்கள் கேப்பிடலை வாரி இறைத்துவிடுகிறார்கள். அப்பர் கேஸ், லோயர் கேஸ் என்ற பெயரே ஈய எழுத்துக் காலத்தில் கேப்பிடல்கள் மேல் தட்டிலும் மற்றவை கீழ்த் தட்டிலும் இருந்ததால் வந்ததுதான்.

முக்கியமான சொல்லுக்கெல்லாம் கேப்பிடல் என்று நீங்கள் நினைத்ததும் ஆதாரம் இல்லாத நினைப்பு இல்லை சார். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்களே பொதுப்பெயர்களுக்கும் தாராளமாகப் போட்டார்கள், 1787-இல் எழுதிய அமெரிக்க அரசியல் சட்டத்தை எடுத்துப் பாருங்கள், வரிக்கு வரி இருக்கும். ஜெர்மனில் இன்றைக்கும் எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் கேப்பிடல்தான். ஆங்கிலம் அதை விட்டுவிட்டது, அவ்வளவுதான்.

நான் புதுப்பையன்களுக்குச் சொல்வது பொங்கல். பண்டிகைக்குக் கேப்பிடல், தட்டில் இருக்கிற வெண்பொங்கலுக்கு ஸ்மால். அதே மாதிரி மெட்ராஸ் ஊர் என்றால் கேப்பிடல், கட்டம் போட்ட மெட்ராஸ் துணியை அகராதிகளே ஸ்மால் எம் போட்டுத் தருகின்றன. ஊரின் பெயர் 1996-இல் சென்னை ஆனது, ஆனால் மெட்ராஸ் ஹைகோர்ட் இன்னும் மெட்ராஸ் ஹைகோர்ட்தான், அதுதான் அதன் பெயர், மூன்று சொல்லுக்கும் கேப்பிடல். கிழமை, மாதம், மொழி, நாட்டினர் இவற்றுக்கு யோசிக்கவே வேண்டாம், எப்போதும் கேப்பிடல். சம்மர், வின்டர் ஸ்மால்.

அம்பத்தூர் ஸ்டோர்ஸ்

அப்பா நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார் டீச்சர், நடக்கிறார். பொங்கல் சட்டென்று பிடிபட்டது சார், நன்றி. அப்போ மேனேஜர் என்பதற்கு எப்போதுமே ஸ்மால்தானா? அப்புறம் ஸ்டாக் ரிஜிஸ்டரில் டீசல், ஆலன் கீ, பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர் எல்லாம் எழுதுகிறேன், அதெல்லாம் என்ன செய்வது?

ராயப்பேட்டை ப்ரூஃப்

பதவி, ஆளின் பெயருக்கு முன்னால் ஒட்டி வந்தால் கேப்பிடல். டாக்டர் இன்னார், கலெக்டர் இன்னார். தனியாக 'த டாக்டர்', 'த கலெக்டர்' என்றால் ஸ்மால். கடிதத்தில் 'டு' போட்டு அதற்குக் கீழே த மேனேஜர் என்று எழுதுகிற முகவரியில் மட்டும் கேப்பிடல், அது வழக்கம்.

உங்கள் ரிஜிஸ்டர் நல்ல கேள்வி. பிலிப்ஸ், ஆலன் இரண்டும் பெயர் என்பதால் கேப்பிடல், பின்னால் வரும் ஸ்க்ரூடிரைவரும் கீயும் ஸ்மால். டீசலும் ருடால்ஃப் டீசல் என்ற மனிதரின் பெயர்தான், ஆனால் புழங்கிப் புழங்கிப் பொதுச்சொல் ஆகிவிட்டது, ஸ்மால். வாட் என்று முழுதாக எழுதினால் ஸ்மால், ஒற்றை எழுத்தாகச் சுருக்கினால் கேப்பிடல் டபிள்யூ, ஜேம்ஸ் வாட் பெயரால் வந்தது என்பதால். கிலோவின் சுருக்கமான கேஜிக்கு இரண்டு எழுத்துமே ஸ்மால்தான் சார், மூட்டைக்கு மூட்டை கேப்பிடலில் அடிக்கிறார்கள், பார்க்கும்போதெல்லாம் கை பரபரக்கும்.

பாரிமுனை டைப்பிங்

ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். பாரிமுனையில் வாடகை ஒப்பந்தம் அடிப்பது என் வேலை. அதில் த டெனன்ட், த லேண்ட்லார்ட், த ப்ரமிசஸ் எல்லாம் கேப்பிடலில்தான் இருக்கும். முதல் பக்கத்திலேயே 'இனி டெனன்ட் என்றால் இன்னார்தான்' என்று எழுதிவிடுவோம், அதிலிருந்து அது அந்தப் பத்திரத்துக்குள் மட்டும் ஒரு பெயர் மாதிரி. நம் ஜனங்கள் கையில் கிடைக்கிற ஆங்கிலப் பேப்பர் பெரும்பாலும் ஒப்பந்தமும் பேங்க் ஃபாரமும்தான், அதைப் பார்த்துப் பார்த்தே கை பழகிவிடுகிறது. தம்பிக்கும் அப்படித்தான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். லீவ் லெட்டரில் அந்த வழக்கம் வேண்டாம்.

மாம்பலம் டீச்சர்

பாரிமுனைக்காரர் சொன்னது எனக்கே புதுசு. தம்பி, அப்பா நடக்கிறார் என்று கேட்டதில் சந்தோஷம். அந்த லெட்டரை இன்னொரு முறை எழுதி இங்கே போடுங்கள், நான் பார்க்கிறேன்.