உங்களைத் திருத்திய ஒரு சந்திப்பு: காவல் பணியில் இருப்போரின் அனுபவப் பகிர்வு

தலைமைக் காவலர், 22 ஆண்டுப் பணி

இரவு பாரா, அதாவது காவல் முறை, மாற்றும் நேரம். கைப்பேசி பறித்ததாகப் பிடித்துவரப்பட்ட பையன் ஒருவன் லாக்கப்பில் இருந்தான். வெளியே அழைத்துப் பெயரைக் கேட்டபோது என் தாயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டான். அவ்வளவுதான், கை ஓங்கிவிட்டேன். கண்களை இறுக மூடி, ஒரு தோளை மட்டும் காதுவரை உயர்த்திக்கொண்டு, அடி விழுவதற்காகக் காத்து நின்றான் அவன். சட்டையில் மேலிருந்து இரண்டாவது பொத்தான் இல்லை.

நிலையத்தின் எழுத்து வேலைகளைப் பார்க்கும் ரைட்டர் ஐயா இருக்கையை விட்டு எழக்கூட இல்லை. எழுதிக்கொண்டே, “தம்பி, காலையில் ஆய்வாளர் பேசியபோது இந்தக் கை எங்கே இருந்தது?” என்று கேட்டார். அன்று காலை வருகைக் கணக்கெடுக்கும் ரோல்காலில் எல்லோர் முன்னிலையிலும் இதைவிடக் கேவலமான சொற்களை நான் வாங்கியிருந்தேன். விறைப்பாக நின்று “சரி ஐயா” என்று சொல்லியிருந்தேன்.

“செல்லிடத்துக் காப்பான் சினங்காப்பான்” என்று தொடங்கும் 301ஆம் குறளைப் பள்ளியில் ஒப்பித்து மதிப்பெண் வாங்கியவன் நான். கோபம் செல்லுபடியாகும் இடத்தில் அதை அடக்குகிறவனே அதைக் காக்கிறவன், செல்லாத இடத்தில் காத்தால் என்ன, காக்காவிட்டால் என்ன என்று வள்ளுவர் கேட்பது, சீருடை போட்டவனை நிறுத்திவைத்துக் கேட்பதைப் போல இருக்கிறது என்பது அன்று இரவுதான் எனக்குப் புரிந்தது. கையை இறக்கினேன். ஆனால் அவனிடம் ஒரு சொல்லும் பேசாமல் உள்ளே அனுப்பிவிட்டேன். அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

பெண் காவலர்

விபத்தில் இறந்த இளைஞனின் வீட்டுக்குத் தகவல் சொல்லப் போனேன். இந்தப் பணியைச் செய்தவர்களுக்கு அந்தக் கதவைத் தட்டும் நொடி தெரியும், அதை விவரிக்க வேண்டியதில்லை. அந்தத் தாய் அழவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “நீ போய்விட்டால் இது உண்மையாகிவிடும், அம்மா. கொஞ்சம் இரு” என்றார். வாக்கி டாக்கியில் என் பெயர் திரும்பத் திரும்ப ஒலித்தது. அதன் ஒலியைக் குறைத்துவிட்டு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். தாமதத்துக்கு விளக்கம் கேட்டார்கள், எழுதிக் கொடுத்தேன். அதற்கு முன்பெல்லாம் பணிக்குக் கிளம்பும்போது எனக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்றுதான் வேண்டிக்கொள்வேன். இப்போது, எதிரே வருகிறவர் பேசி முடிக்கும்வரை கேட்கும் பொறுமையையும் சேர்த்துக் கேட்கிறேன்.

ஓய்வு பெற்ற சார்பு ஆய்வாளர்

முதலில் எழுதியவரோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஒரு குறளும் ஒரு ரைட்டரும் சேர்ந்து ஒரு மனிதனை மாற்றிவிட முடியுமானால் நம் நிலையங்கள் என்றோ மாறியிருக்கும். என் அனுபவம் சிறியது. காணாமற்போன மகளை மீட்டுக் கொடுத்ததற்காக ஒரு முதியவர் மடித்த பணத்தை என் மேசையில் வைத்தார். நான் அதன்மேல் ஒரு ஃபைலை நகர்த்தி வைத்தேன். அவர் என் முகத்தையே பார்த்து, “குறைவாக இருக்கிறதா ஐயா?” என்று கேட்டார். திருப்பிக் கொடுத்துவிட்டேன், ஆனால் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை.

லூக்கா நற்செய்தியின் மூன்றாம் அதிகாரத்தில், நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று போர்ச்சேவகர்கள் திருமுழுக்கு யோவானிடம் கேட்கிறார்கள். வேலையை விட்டுவிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. மிரட்டிப் பறிக்காதீர்கள், பொய்க்குற்றம் சாட்டாதீர்கள், சம்பளம் போதுமென்று இருங்கள் என்றார். வேலையில் இருந்துகொண்டே செய்ய வேண்டியவற்றைச் சொன்னதால்தான் நான் அந்தப் பகுதியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

ஆகவே இளையவர்களுக்குச் சொல்கிறேன். தொடர்ந்து இரவுப் பணி பார்த்துத் தூக்கம் கெட்டவனுக்குக் கோபம் மூக்கின் நுனியில்தான் இருக்கும். அதைப் பக்திக் குறைவு என்று எண்ணி மனம் உடைய வேண்டாம், முதலில் உறங்குங்கள். கை உயரும் நேரத்தில் மூச்சை உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதை நீளமாகச் செய்யுங்கள், இதயத்துடிப்பு தணியும். கோபத்துக்குப் பெரிய மருந்து தாமதமே என்று ரோமானியச் சிந்தனையாளர் செனெக்கா எழுதியிருக்கிறார். அடிமையை அடிக்கக் கை ஓங்கிய பிளேட்டோ, தாம் கோபத்தில் இருப்பதை உணர்ந்து கையை அந்தரத்திலேயே நிறுத்திக்கொண்டதாகவும், வந்த நண்பரிடம் “கோபக்காரன் ஒருவனைத் தண்டித்துக்கொண்டிருக்கிறேன்” என்று சொன்னதாகவும் செனெக்காவே குறிப்பிடுகிறார். பணி முடிந்ததும் நேராக வீட்டுக்குள் நுழையாதீர்கள். வண்டியை நிறுத்திவிட்டு, இன்று யாரிடம் தேவைக்கு மேல் கடுமை காட்டினேன் என்று ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்களைக் கண்டிக்கும் உரிமையை ஒரே ஒருவருக்காவது கொடுத்துவையுங்கள்.

தலைமைக் காவலர், 22 ஆண்டுப் பணி

ஐயா, நான் மாறிவிட்டேன் என்று எழுதவில்லை. அதன் பிறகும் இரண்டு முறை கை ஓங்கியிருக்கிறேன், ஒரு முறை அடித்தும் இருக்கிறேன். அந்த முறை ரைட்டர் ஐயா பக்கத்தில் இல்லை. நீங்கள் சொல்லும் அந்த ஒருவர் எனக்கு அவர்தான். அவர் ஓய்வு பெற்றுப் போனபின் அந்த இடத்துக்கு வேறு யாரையும் நான் தேடவில்லை என்பது உங்கள் பதிவைப் படித்தபோதுதான் உறைத்தது.

படித்து முடித்ததும் அவருக்குத் தொலைபேசியில் பேசினேன். அந்த இரவு அவருக்கு நினைவில்லை. “நான் அப்படியா கேட்டேன்?” என்றார். பிறகு, “அந்தப் பையன் என்ன ஆனான்?” என்று விசாரித்தார். எனக்குத் தெரியவில்லை என்றேன்.