ஈட்டி மர பிரிட்ஜ் தூக்குகிறது – பசை ஊற்றினால் போதுமா?

கேள்வி: அகூஸ்டிக் கிடார், ஸ்ப்ரூஸ் (மென்மரம்) மேற்பலகை, அதில் ஒட்டிய ஈட்டி (ரோஸ்வுட்) பிரிட்ஜ், அதாவது கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் கட்டை. பின் விளிம்பு எழும்பி, இடுக்கில் தாள் 3 மி.மீ. உள்ளே போகிறது. ஊசியில் பசை செலுத்தலாமா?

பதில் 1: வேண்டாம். பழைய பசை இருக்கும்வரை புதுப்பசை மரத்தைத் தொடாது. கம்பிகளைக் கழற்றி, பிரிட்ஜைச் சூடாக்கி, மழுங்கலான மெல்லிய தகட்டை நுழைத்து மெல்ல எடுங்கள். ஸ்ப்ரூஸ் நார் கிழிந்தால் நிறுத்தி எதிர்ப்பக்கத்திலிருந்து வாருங்கள். பிரிட்ஜ் உட்காரும் இடத்தின் ஓரத்தில் மேற்பலகையில் வார்னிஷ் விட்டிருப்பார்கள். பிரிட்ஜ்கள் பெயர்வதற்கு அதுவும் ஒரு காரணம். சுரண்டிவிடுங்கள்.

பதில் 2: ஈட்டியில் எண்ணெய் உண்டு (கொகொபோலோ என்ற எண்ணெய்ப்பசை மிகுந்த மரத்தின் அளவுக்கு இல்லை). ஒட்டுவதற்குச் சற்றுமுன் பிரிட்ஜின் அடிப்பரப்பைச் சுரண்டி அசிட்டோனால் துடையுங்கள். துணியில் ஊதாக் கறை வரும், மரச்சாயம்தான். காய்ந்ததும் 15 நிமிடத்துக்குள் மஞ்சள் மரப்பசை. அழுத்திப் பிடிக்கும் கிளாம்பை நசுக்கி இறுக்காதீர்கள், பசை முழுக்கப் பிதுங்கிவிடும். கம்பி 24 மணி நேரம் கழித்து.

பதில் 3: அசிட்டோனால் துடைத்து ஒட்டுவதற்கு முன் ஒன்று: மேற்பலகை தட்டை இல்லை. அதன்மேல் உப்புத்தாளை விரித்து, பிரிட்ஜின் அடியைத் தேய்த்து வளைவுக்குப் பொருத்துங்கள். முகக்கவசம் அவசியம்; ஈட்டித் தூசி சிலருக்குத் தோலில் தடிப்பு உண்டாக்கும்.