சமையலறை விளக்கு மாற்றம்: புதுப்பிப்பு

சமையலறைக் கூரையின் நடுவிலுள்ள ஒற்றைக் குழல்விளக்குக்கு முதுகைக் காட்டி நிற்பதால் நறுக்கும் மேடையில் என் நிழலே விழுகிறது என்றும், அதை நானே மாற்றலாமா என்றும் முன்பு கேட்டிருந்தேன். வேலை முடிந்துவிட்டது. குழல்விளக்கின் இடத்தில் எல்.இ.டி. பேனலும், மேல் அலமாரிகளின் அடியில் 24 வோல்ட் எல்.இ.டி. பட்டைகளும் பொருத்தியிருக்கிறேன்.

பட்டையைச் சுவரோரமாக ஒட்டாமல் அலமாரியின் முன்விளிம்பையொட்டி ஒட்டுங்கள் என்று சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி. மேடை முழுவதும் வெளிச்சம் பரவி, கத்தி முனைவரை தெளிவாகத் தெரிகிறது. புள்ளிபுள்ளியாகத் தெரிந்த ஒளியும், பால்நிற மூடியுள்ள அலுமினியச் சட்டத்துக்குள் பட்டையை வைத்ததும் ஒரே சீரான கோடாகிவிட்டது. நிறவெப்பநிலை, அதாவது வெளிச்சம் மஞ்சள் சாயலா வெண்மையா என்பதைக் காட்டும் அளவு, 4000 கெல்வின். ஆனால் அதைவிட முக்கியம், பொருள்களின் நிறத்தை விளக்கு எவ்வளவு இயல்பாகக் காட்டுகிறது என்பதைச் சொல்லும் நிறங்காட்டும் குறியெண் (CRI) என்பேன், ஏனெனில் அது 90-க்கு மேல் இருந்தால்தான் இலையின் வாடலும் பழத்தின் கனிவும் உள்ளபடி கண்ணுக்குத் தெரியும்.

இனிச் செய்யப்போகிறவர்கள் தயவுசெய்து சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு வயரைத் தொடாதீர்கள். சுவிட்ச், மின்சாரம் வரும் ஃபேஸ் வயரில் இல்லாமல், அது திரும்பிச் செல்லும் நியூட்ரல் வயரில் தவறுதலாக இணைக்கப்பட்டிருந்தால், அணைத்த பிறகும் விளக்குமுனையில் ஃபேஸ் இருந்துகொண்டே இருக்கும். மின்சாரம் வரும் பிளக் பாயிண்டில் டெஸ்டரைச் சோதித்துப் பார்த்து, மெயினை அணைத்து, பிறகு விளக்குமுனையில் வைத்து உறுதிசெய்யுங்கள். பேனலின் உடல் உலோகமாக இருந்தால் எர்த் வயரையும் கட்டாயம் இணைக்க வேண்டும்.

பட்டைகளுக்கு 24 வோல்ட் மின்சாரம் தரும் டிரைவர், அவற்றின் மொத்த வாட்டைவிடச் சற்றுக் கூடுதல் திறனுள்ளது. அதை அடுப்பின் ஆவி எட்டாத அலமாரிக்குள் வைத்திருக்கிறேன்.