டிஸ்க்கா, டிஜிட்டலா? பத்தாயிரம் ரூபாய்ப் பஞ்சாயத்து

மார்த்தாண்டம்_தேன்
அண்ணன்மாரே, ஒரு யோசனை சொல்லுங்கள். இரண்டு வருடமாகச் சேர்த்த காசில் பிளேஸ்டேஷன் 5 கேம் பெட்டி வாங்கப் போகிறேன். ஸ்லிம் மாடல் 2024-ல் இந்தியாவுக்கு வந்தபோது டிஸ்க் போடுகிற பெட்டி 54,990 ரூபாய், டிஸ்க் டிரைவ் இல்லாமல் வருகிற, கேமை இணையத்திலிருந்து இறக்கி ஆடுகிற டிஜிட்டல் பெட்டி 44,990. அந்தப் பத்தாயிரத்தைக் கூடுதலாகக் கொடுப்பதா, வேண்டாமா? வீட்டில் ஃபைபர் இணைப்பு உண்டு. மழை பெய்தால் மட்டும் இருக்காது.

கோட்டாறு_பழசு
இதில் யோசிக்க என்ன இருக்கிறது தம்பி, டிஸ்க் பெட்டிதான். பெரிய கேம் ஒன்று புதிதாக 4,999. ஆடி முடித்து, கீறல் விழாமல் வைத்திருந்து 3,000-க்குக் கைமாற்றிவிடுவேன். நாலு கேம் இப்படிப் போனால் உன் பத்தாயிரம் வந்தாச்சு. டிஜிட்டலில் வாங்கினதை யாரிடம் விற்பாய்? வடசேரி பஸ் ஸ்டாண்டில் நின்று பாஸ்வேர்டைக் கூவி விற்கவா?

என்னிடம் ஒரு கால்பந்து கேம் இருக்கிறது. அதன் உறைக்குள் ஒரு துண்டுத் தாள் வைத்திருக்கிறேன். "தக்கலை, 12 நாள். திங்கள்சந்தை, ஒரு மாதம், உறை உடைந்தது. இரணியல், இன்னும் வரவில்லை." அந்தக் கடைசி வரியை அடித்து "வந்தது", அதையும் அடித்து "மறுபடி போனது". ஒரே டிஸ்க், ஆறு வீட்டுப் பிள்ளைகள் ஆடியிருக்கிறார்கள்.

நாஞ்சில்_நைட்மோட்
அண்ணே, உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 4,999-க்கு வாங்கி 3,000-க்கு விற்றால் கையைவிட்டுப் போனது 2,000, கேமும் போச்சு. நான் சேல் வரும்வரை பொறுத்திருந்து பாதி விலைக்கு வாங்குகிறேன். 2,500 ஆச்சு, கேம் என்னிடமே கிடக்கிறது. என்னுடையது டிஜிட்டல் பெட்டி, மூன்று வருடமாக ஒரு குறையும் இல்லை.

டிஸ்க்கைக் காப்பாற்றுகிற பாட்டை யாரும் சொல்ல மாட்டேன் என்கிறீர்களே. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை. பழைய டிவிடி கேம்களை மர அலமாரியில் வைத்திருந்தேன். ஒருநாள் திறந்து பார்த்தால் உள்ளட்டையெல்லாம் பழுப்புப் புள்ளி, டிஸ்க்கின் நடு ஓட்டையைச் சுற்றி வேர் விட்ட மாதிரி வெள்ளைப் பூஞ்சை. மெல்லிய துணியால் துடைத்தேன், ஒன்றிரண்டு பிழைத்தது. பிளேஸ்டேஷன் 5-ன் டிஸ்க்கான ப்ளூ-ரேயில் தகவல் படிந்திருக்கும் அடுக்கு மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில்தான் இருக்கிறது. டிவிடியில் அது 0.6. மேலே கடினப் பூச்சு கொடுத்திருக்கிறார்கள், சரி. ஆனால் திங்கள்சந்தைப் பிள்ளையின் கைக்கு அந்தப் பூச்சு போதுமா?

கோட்டாறு_பழசு
மர அலமாரியில் வைத்தால் பூக்கத்தான் செய்யும். இரும்புப் பீரோவில் வை மக்கா, என்னுடையது ஒன்றுகூடப் பூக்கவில்லை.

கருங்கல்_அம்மா
நான் கேம் ஆடுகிறவள் இல்லை, ஆடுகிற பையனுக்குத் தாய். எனக்கு டிஸ்க்தான் வசதி. அரையாண்டுப் பரீட்சை வந்தால் டிஸ்க்கை எடுத்து அரிசி டிரம்முக்குள் போட்டுவிடுவேன், கதை முடிந்தது. போன வருடம் என் கார்டு நம்பரைப் போட்டு அவனே டிஜிட்டலில் ஒன்று வாங்கிவிட்டான். காலையில் தேங்காய் துருவிக்கொண்டிருக்கும்போது 4,999 ரூபாய் போனதாகக் குறுஞ்செய்தி. திரும்பக் கேட்டோம். இறக்கத் தொடங்கியாச்சு, தர முடியாது என்றார்கள்.

நாஞ்சில்_நைட்மோட்
அக்கா, பிள்ளைக்குத் தனிக் கணக்குத் திறந்தால் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஆடலாம், மாதம் எவ்வளவு செலவழிக்கலாம் என்று நீங்களே பூட்டுப் போடலாம். செலவைச் சுழியம் என்று வைத்துவிடுங்கள்.

கருங்கல்_அம்மா
அந்தப் பூட்டையும் எனக்கு அவன்தான் போட்டுக் கொடுக்கணும் தம்பி.

குளச்சல்_கடல்காற்று
டிஜிட்டல் ஆட்களுக்கு என் அண்ணன் கதையைச் சொல்கிறேன். பதினோரு வருடம் வளைகுடாவில் வேலை. அங்கே திறந்த கணக்கில், அந்த நாட்டு நம்பரில் நாற்பது கேம் வாங்கியிருந்தான். வேலை முடிந்து ஊருக்கு வந்தான், அந்த சிம் செத்துப்போனது. இங்கே புதுப்பெட்டியில் உள்ளே நுழையப் பார்த்தால் ஓடிபி அந்த நம்பருக்குத்தான் போகிறது. வாடிக்கையாளர் சேவையில் மூன்று வாரம் மன்றாடித்தான் வாங்கினோம். கணக்கு கைக்கு வந்தது, ஆனால் அதன் நாட்டை மாற்ற முடியாதாம். இங்குள்ள கார்டையும் அது ஏற்கவில்லை. அதே பெட்டியில் அவன் கொண்டுவந்த ஏழு டிஸ்க்கையும் போட்ட உடனே ஓடியது.

ஆனால் நியாயத்தையும் சொல்லணும். டிஸ்க் எந்த நாட்டிலும் ஓடும், அதற்குக் காசு கொடுத்து வாங்குகிற கூடுதல் பகுதி அப்படி ஓடாது. டிஸ்க் எந்தப் பகுதிக்கு வெளியானதோ, அந்தப் பகுதிக் கணக்கில்தான் அதை வாங்கணும். வளைகுடா டிஸ்க்குக்கு இந்தியக் கணக்கில் வாங்கி ஏமாந்தவன் நான். ஊருக்கு வருகிறவரிடம் டிஸ்க் சொல்லி அனுப்புகிறவர்கள் இதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாஞ்சில்_நைட்மோட்
சிம்மை மாற்றுவதற்கு முன்னால் கணக்கில் நம்பரை மாற்றாதது அண்ணனுடைய தப்பு. அதை விடுங்கள். டிஸ்க் கையில் இருந்தால் கேம் நமக்குச் சொந்தம் என்கிறீர்களே, அதைப் பேசுவோம். இணையத்தோடு இணைந்தே ஆடவேண்டிய 'தி க்ரூ' என்ற கார் கேமின் சர்வரை யுபிசாஃப்ட் நிறுவனம் 2024 மார்ச் 31-ஆம் தேதியோடு நிறுத்தியது. டிஸ்க் வைத்திருந்தவனுக்கும் ஓடவில்லை, டிஜிட்டலில் வாங்கியவனுக்கும் ஓடவில்லை. 2022-ல் வந்த 'கால் ஆஃப் டியூட்டி' டிஸ்க்கில் இருந்தது ஏறத்தாழ 70 எம்பிதான், மிச்சமெல்லாம் இணையத்திலிருந்து இறக்கணும். 2025-ல் வந்த நிண்டெண்டோவின் ஸ்விட்ச் 2 பெட்டிக்குச் சில கேம்கள் சாவி அட்டையாக வருகின்றன. அட்டைக்குள் கேமே கிடையாது, இறக்குவதற்கு அனுமதி மட்டும். ஆட உட்காரும்போதெல்லாம் அட்டையையும் சொருகியிருக்கணும். தேங்காய் என்று வாங்கி வந்தால் உள்ளே தண்ணியும் இல்லை, பருப்பும் இல்லை.

கோட்டாறு_பழசு
அந்த அட்டையைக்கூட விற்கலாமே மக்கா! உன் டிஜிட்டலில் சிரட்டைகூட மிஞ்சாது. 3டிஎஸ், வீ யூ என்ற தன் பழைய கேம் பெட்டிகள் இரண்டுக்குமான இணையக் கடையை நிண்டெண்டோ 2023 மார்ச் 27-ஆம் தேதி மூடியது. டிஜிட்டலில் மட்டும் வந்த கேமைப் புதிதாக வாங்க அப்புறம் வழியே இல்லை. பழைய அட்டைகள் இன்றைக்கும் கைமாறுகின்றன. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரியிலிருந்து ஒரு சட்டம்: நீங்கள் பெறுவது உரிமம் மட்டும்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் டிஜிட்டல் பொருளுக்கு "வாங்கு" என்று பொத்தான் வைக்கக் கூடாது. சட்டம் போட்டுச் சொல்ல வேண்டிய அளவுக்கு ஜனங்கள் ஏமாந்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

நாஞ்சில்_நைட்மோட்
அது கடைக்காரன் தப்பு, டிஜிட்டலின் தப்பு இல்லை. கணினியில் ஆடுகிறவர்களுக்கு ஜிஓஜி என்ற கடை இருக்கிறது. பூட்டு இல்லாத நிறுவல் கோப்பையே கொடுக்கிறார்கள். ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து வைத்துக்கொண்டால் அந்தக் கடையே போனாலும் ஓடும். பூஞ்சையும் பிடிக்காது.

கோட்டாறு_பழசு
தம்பி கேட்டது பிளேஸ்டேஷன். அதற்குப் பதில் சொல். 2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல். எங்கள் தெருவில் பத்து நாளைக்குமேல் இணையம் இல்லை. என் பிள்ளைகள் அப்போது பிஎஸ்4-ல் டிஸ்க் போட்டு...

குளச்சல்_கடல்காற்று
அண்ணே, ஒக்கியில் கரண்ட் கம்பமே மாவட்டம் முழுக்கச் சாய்ந்து கிடந்தது. எதில் போட்டு ஆடினார்கள்?

கோட்டாறு_பழசு
...ஐந்தாம் நாள் பக்கத்து வீட்டு ஜெனரேட்டரில். ஒரு மணி நேரம்.

நாஞ்சில்_நைட்மோட்
இறக்கி வைத்த டிஜிட்டல் கேமும் அந்த ஒரு மணி நேரம் இணையம் இல்லாமல் ஓடியிருக்கும் அண்ணே. ஒற்றை ஆள் ஆடுகிற கேம் என்றால், அந்தப் பெட்டியை உங்கள் கணக்கின் முதன்மைப் பெட்டியாக வைத்திருந்தால் போதும்.

மார்த்தாண்டம்_தேன்
நடுவில் ஒரு கணக்குப் போட்டேன். 90 ஜிபி கேமை 100 எம்பிபிஎஸ் ஃபைபரில் இறக்க இரண்டு மணி நேரம். மழை வந்து ஃபைபர் போய், ஃபோனில் ஒரு நாளைக்கு 1.5 ஜிபி என்று இறக்கினால் 60 நாள். எங்கள் தெருவில் போன ஆடி மாதம் ஃபைபர் இருந்தது மொத்தம் எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். டிஸ்க் பெட்டியே வாங்கிவிடுகிறேன். சேலில் கிடைப்பதை டிஜிட்டலில் எடுத்துக்கொள்கிறேன், அந்தப் பெட்டியில் இரண்டும் ஓடும்தானே?

கோட்டாறு_பழசு
ஓடும். கால்பந்து டிஸ்க் இரணியலில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வாங்கி வருகிறேன், வடசேரிக்கு வா.

நாஞ்சில்_நைட்மோட்
அண்ணே, தம்பி ஆடி முடித்ததும் அது எனக்கு ஒரு வாரம் வேணும்.

கோட்டாறு_பழசு
தாராளமாக. உன் பெட்டியில் எங்கே சொருகுவாய்?