திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை நாள்கள் தவிர, ஐயாறப்பர் கோயிலின் இசையைக் கேட்க எப்போது செல்வது?

கேட்டவர்: ஜெயநகர் ரசிகை

பெங்களூரு ஜெயநகரில் எங்கள் குடியிருப்பில் உள்ள பிள்ளையார் கோயிலில், ஒவ்வோர் ஆண்டும் தியாகராஜரின் நினைவு நாளான புஷ்ய பகுள பஞ்சமி அன்று அக்கம்பக்கத்தார் கூடி அவருடைய பஞ்சரத்னக் கீர்த்தனைகளைப் பாடுவது வழக்கம். தமிழர், கன்னடர், தெலுங்கர் என்ற வேறுபாடின்றி, நாட்டையில் ‘ஜகதாநந்தகாரகா’ தொடங்கி ஸ்ரீராகத்தில் ‘எந்தரோ மஹாநுபாவுலு’ வரை ஐந்தையும் புத்தகம் பாராமல் பாடக்கூடியவர்கள் இங்கே பலர் இருக்கிறார்கள். என் மகளும் இப்போது அவர்களோடு சேர்ந்து பாடுகிறாள். அவளைத் திருவையாற்றுக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் ஆசை.

ஆனால் கும்பகோணத்துப் பக்கத்தைச் சேர்ந்த என் மாமனார், “திருவையாறு என்றால் முதலில் ஐயாறப்பர், ஆராதனை அதற்குப் பிறகுதான்” என்கிறார். அவர் சொல்வது எனக்கும் சரியாகவே படுகிறது. அந்தக் கோயிலுக்கே உரிய தேவாரப் பதிகங்கள் எவை, கர்நாடக சங்கீதம் பயிலும் ஒரு பிள்ளை அவற்றை எந்த ராகங்களின் வழியாக நெருங்கலாம், கூட்டத்தில் அகப்படாமல் நின்று கேட்க ஏற்ற காலம் எது என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன். பெங்களூரு நாகரத்தினம்மாளின் சமாதியும் அங்கேதான் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். அதைப் பற்றியும் எழுதுங்கள்.

மறுமொழி: மல்லேசுவரம், பூர்விகம் கண்டியூர்

அம்மா, உங்கள் மாமனார் சொல்வது முற்றிலும் சரி. எங்கள் ஊரான கண்டியூர், திருவையாற்றுக்குத் தெற்கே, தஞ்சாவூர்ச் சாலையில் இருக்கிறது. ஐயாறப்பர் பல்லக்கில் சென்று வரும் ஏழூர்த் தலங்களில் அதுவும் ஒன்று. அந்த உரிமையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தேவார மூவரும் பாடிய தலம் திருவையாறு. சம்பந்தர் பாடியவை 5, அப்பர் பாடியவை 12, சுந்தரர் பாடியது 1 என மொத்தம் 18 பதிகங்கள் கிடைத்திருக்கின்றன. அத்தனையையும் ஒரே மூச்சில் கற்க வேண்டியதில்லை. மூவருக்கும் ஒவ்வொன்றாக மூன்று பதிகங்களை முதலில் எடுத்துக்கொண்டால், ஊரும் ஆறும் கோயிலும் குழந்தையின் மனத்தில் தாமாகவே வந்து உட்கார்ந்துவிடும்.

முதலில் சம்பந்தரின் ‘புலனைந்தும் பொறிகலங்கி’. இதன் பண், அதாவது பழந்தமிழ் இசை முறையில் இதன் ராகம், மேகராகக்குறிஞ்சி. இன்று இதை நீலாம்பரியில் பாடுகிறார்கள். மழை வேண்டிப் பாடும் பண் என்று வழிவழியாகப் போற்றப்படுவது இது. பதிகத்தின் முதற்பாட்டைக் கவனியுங்கள். கோயிலை வலம்வந்த பெண்கள் நடமாடுகிறார்கள், முழவு அதிர்கிறது. அந்த ஓசையை இடி என்று எண்ணி அஞ்சிய சில மந்திகள் மரத்தின் உச்சிக்கு ஏறி மேகத்தைத் தேடிப் பார்க்கின்றன. மழைக்கு உரிய பண்ணில், மழையென்று மயங்கிய குரங்கைப் பாடியிருக்கிறார்! நீலாம்பரியைத் தாலாட்டு ராகமாக மட்டுமே அறிந்திருக்கும் பிள்ளைக்கு இந்த ஓர் இடத்தை எடுத்துச் சொன்னால் போதும், அந்த ராகத்தை அவள் கேட்கும் விதமே மாறிவிடும். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அந்தக் கோயிலில் ஆடலும் முழவும் அன்றாட வழக்காக இருந்தன என்பதற்கும் இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

அடுத்தது அப்பரின் ‘மாதர்ப் பிறைக்கண்ணியானை’. காந்தாரப் பண், நவரோஜ் ராகத்தில் பாடுவார்கள். மேல் ஷட்ஜத்தைத் தொடாமல், கீழ்ப் பஞ்சமத்துக்கும் நடுப் பஞ்சமத்துக்கும் இடையிலேயே சுழன்று வரும் ராகம் அது. குரலை உயர்த்தி வித்தை காட்ட அதில் இடமே இல்லை. தளர்ந்த முதுமையில் கயிலையை நோக்கி நடந்து, நடக்க இயலாதபோது தவழ்ந்து, புரண்டு சென்ற அப்பரை இறைவன் ஒரு பொய்கையில் மூழ்கச் சொல்ல, அவர் திருவையாற்றுக் குளத்தில் எழுந்தார் என்பது வரலாறு. எழுந்தவர் கண்ணுக்குக் களிறும் பிடியும், சேவலும் பெடையும், குயிலும் மயிலும் இணை இணையாக வந்தன; அவை எல்லாவற்றிலும் சிவசக்தியைக் கண்டு, பாட்டுதோறும் ‘கண்டேன் அவர் திருப்பாதம், கண்டறியாதன கண்டேன்’ என்று முடிக்கிறார். முதற்பாட்டில், பூவும் நீரும் சுமந்து போற்றிக் கொண்டு கோயிலுக்குள் புகும் அடியார்களின் பின்னால் நானும் புகுவேன் என்கிறார். எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். அத்தனை பெரியவர், முன்னால் செல்ல விரும்பவில்லை. ஆற்றிலிருந்து தண்ணீர் கொண்டு வருகிறவர்களின் பின்னால் சென்றால் போதும் என்று எண்ணுகிறார்.

மூன்றாவது, சுந்தரரின் ‘பரவும் பரிசொன்று அறியேன்’. காந்தார பஞ்சமப் பண், கேதாரகௌளையில் பாடுவது. சேரமான் பெருமாளோடு அவர் தென்கரைக்கு வந்தபோது காவிரி இரு கரையும் புரண்டு ஓடியது. அக்கரையில் இருந்த ஐயாறப்பரை விளித்துப் பாடினார். வெள்ளம் விலகி வழிவிட்டது என்பார்கள். பாட்டுக்குப் பாட்டு காவிரியின் அலையும் கரையும் வரும்.

எப்போது செல்லலாம் என்றால், ஆடி அமாவாசை என்பேன். அப்பர் கயிலைக் காட்சி விழா அன்றுதான் நடக்கும். தேவார இன்னிசையை அதற்கு உரிய இடத்தில், உரிய நாளில் கேட்கலாம். மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது மரபு. மழை பொய்க்காத ஆண்டுகளில் ஆடியில் காவிரிக்கரையின் புஷ்ய மண்டபப் படித்துறையில் நல்ல தண்ணீர் ஓடும். ஆராதனை நாள்களில் ஊரே தியாகராஜர் சமாதிப் பந்தலைச் சுற்றித்தான் இருக்கும். அப்போது கோயிலை நிதானமாகப் பார்க்க மனமும் வராது, நேரமும் இராது.

மறுமொழி: அல்சூர் இசைப் பள்ளி

மல்லேசுவரம் அன்பர் தேவாரம் பற்றி எழுதியது ஒவ்வொன்றையும் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்கிறேன். ஆயினும் கோயிலை ஒரு பக்கமும் சமாதியை இன்னொரு பக்கமும் நிறுத்திவிட வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். தியாகராஜர் ராமபக்தர் என்பதற்காக அவருக்கும் அந்தக் கோயிலுக்கும் தொடர்பில்லை என்று நினைப்பது தவறு. அந்த ஊர் அம்பிகையான தர்மசம்வர்த்தனி மீது, நம் ஊரில் அறம்வளர்த்த நாயகி என்று சொல்கிறோமே, அந்தத் தாயின் மீது அவர் அடாணாவில் ‘அம்ம தர்மஸம்வர்த்தனி’ பாடியிருக்கிறார். அசாவேரியில் ‘ஸரி வெடலின’ என்ற கீர்த்தனை முழுக்க முழுக்கக் காவிரியைப் பற்றியது. ஐயாறப்பரைத் தரிசிக்க விரையும் பெண்ணாகவே அந்த ஆற்றைப் பார்த்து, இதோ எவ்வளவு அழகாகப் போகிறாள் பாருங்கள் என்று மற்றவர்களையும் அழைக்கிறார். முகாரியில் ‘முரிபெமு கலிகெ கதா’ பாடும்போது, சோழநாட்டில் காவிரிக்கரையில் இருக்கும் இந்தத் தலம் பரமசிவனே விரும்பும் ஊர் என்று பெருமிதப்படுகிறார். சியாமா சாஸ்திரியின் சாவேரிக் கீர்த்தனையான ‘துருஸுக’வும் இந்த அம்பிகை மீதுதான். பிற்காலத்தில் மகா வைத்தியநாத ஐயர் 72 மேளகர்த்தா ராகங்களையும், அதாவது தாய் ராகங்களையும், கோத்த மாலையை, பிரணதார்த்திஹரர் என்னும் பெயரில் ஐயாறப்பருக்கே சூட்டினார்.

உங்கள் மகள் பஞ்சரத்னத்தை ஏற்கெனவே பாடுகிறாள். திருவையாற்றுக்குப் புறப்படும் முன் அசாவேரிக் கீர்த்தனையை ஆசிரியரிடம் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். படித்துறையில் உட்கார்ந்து அதை ஒருமுறை பாடினால், எதைப் பார்த்து அவர் அந்தப் பாட்டைப் பாடினார் என்பது அவள் கண்ணெதிரிலேயே இருக்கும்.

நாகரத்தினம்மாளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பெங்களூரில் வாழும் நாம் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய வரலாறு அது. அவர் 1878-ல் நஞ்சன்கூட்டில் பிறந்தவர். அங்கே ஓடும் கபிலை, திருமகூடலு நரசிப்பூரில் காவிரியோடு கலந்து, தமிழ்நாட்டுக்குள் இறங்கி, திருவையாற்றையும் தொட்டுத்தான் செல்கிறது. மைசூரிலும் பெங்களூரிலும் இசை பயின்று, சென்னைக்குச் சென்று பெரும்புகழும் பெருஞ்செல்வமும் பெற்றவர். 1847-ல் மறைந்த தியாகராஜரின் சமாதி காவிரிக்கரையில் கவனிப்பாரின்றிக் கிடப்பதை அறிந்து, 1921-ல் திருப்பணியைத் தொடங்கினார். 1925-ல் அந்தச் சமாதிக் கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. அதற்குத் தம் நகைகளையும் சேமிப்பையும் கொட்டினார். ஆனால் அவர் தம் பொருளில் எழுப்பிய அந்தச் சந்நிதியிலேயே பெண்கள் பாடக்கூடாது என்று அக்கால விழாக் குழுவினர் தடுத்தார்கள். அவர் பின்வாங்கவில்லை. பெண்களைத் திரட்டித் தனியே விழா நடத்தினார். 1940-களின் தொடக்கத்தில் எல்லாக் குழுக்களும் ஒன்றான பிறகே, ஆண்களும் பெண்களும் ஒருசேர உட்கார்ந்து பஞ்சரத்னம் பாடும் இன்றைய வழக்கம் நிலைபெற்றது. 1952-ல் அவர் காலமானபோது, தியாகராஜர் சந்நிதிக்கு எதிரிலேயே அவருக்கும் சமாதி அமைத்தார்கள். சந்நிதியை நோக்கிக் கைகூப்பி உட்கார்ந்திருக்கும் அவருடைய சிலையை அங்கே காணலாம். உங்கள் குடியிருப்பில் பெண்கள் முதல் வரிசையில் அமர்ந்து பாடுகிறார்கள் அல்லவா? அந்த உரிமையை வாதாடி வாங்கித் தந்தவர் அவர். ஆகவே கோயிலுக்குச் செல்லும் அன்றே சமாதிக்கும் செல்லுங்கள். இரண்டும் நடக்கும் தூரம்தான்.

மறுமொழி: வைட்ஃபீல்டு பயணி

பயணம் பற்றி மட்டும் சொல்கிறேன். மைசூரிலிருந்து பெங்களூரு வழியாகத் தஞ்சாவூருக்கு இரவு ரயில் உண்டு. பெரியவர்களை அழைத்துச் செல்ல அதுதான் வசதி. தஞ்சாவூரிலிருந்து கண்டியூர் வழியாகப் பேருந்தில் போகும்போது மகளைச் சன்னலோரம் உட்கார வையுங்கள். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று பாலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்.

சித்திரையில் ஏழூர்ப் பல்லக்கு விழாவுக்குப் போகலாமா என்று யாரேனும் கேட்கக்கூடும். ஐயாறப்பர் கண்ணாடிப் பல்லக்கிலும் நந்திதேவர் வெட்டிவேர்ப் பல்லக்கிலும் ஊர் ஊராகச் செல்லும் காட்சி அரியதுதான். ஆனால் மேட்டூர் அணையை ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம் என்பதால், அந்த நேரத்தில் ஆற்றில் பெரும்பாலும் மணல்தான் இருக்கும். வெயிலும் கடுமையாக இருக்கும். முதியவர்களுக்கு ஆடியே நல்லது. கோயில் நடுப்பகலில் நடை சாத்தியிருக்கும். காலை பூசைக்கே போய்விடுங்கள்.

ஜெயநகர் ரசிகை

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. ஆடி அமாவாசையை ஒட்டிச் செல்வதென்று வீட்டில் முடிவு செய்துவிட்டோம். மந்திகள் மரமேறும் பாட்டை மகளுக்குப் படித்துக் காட்டியதும், அதை நீலாம்பரியில் எப்படித் தொடங்குவது என்று அவளே முனகிப் பார்க்கத் தொடங்கிவிட்டாள். ஒரே ஓர் ஐயம். சந்நிதியில் ஓதுவார் பாடும்போது குழந்தை கூடச் சேர்ந்து பாடலாமா? அது முறையாகுமா?

மல்லேசுவரம், பூர்விகம் கண்டியூர்

ஓதுவார் பாடும்போது சேர்ந்து பாட வேண்டாம் அம்மா. அது அவர் வழிபாட்டின் ஓர் அங்கமாகச் செய்யும் பணி. தீபாராதனை முடிந்ததும் பஞ்சபுராணம் பாடுவார். தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் ஆகிய ஐந்திலிருந்தும் ஒவ்வொரு பாட்டு வரும். தொடக்கத்திலும் முடிவிலும் ‘திருச்சிற்றம்பலம்’ என்று சொல்வார். அதுவரை ஓரமாக நின்று கேட்கட்டும். பூசை முடிந்தபின், குழந்தை ஒரு பதிகம் கற்றிருக்கிறாள், பாடலாமா என்று அவரிடமே கேளுங்கள். பிள்ளைகள் தேவாரம் பாட முன்வந்தால் வேண்டாம் என்று சொல்லும் ஓதுவாரை நான் பார்த்ததில்லை. பெரும்பாலும் அவரே பக்கத்தில் நின்று, பண் பிசகும் இடத்தைத் திருத்தியும் கொடுப்பார். நவரோஜில் அப்பர் பதிகத்தின் முதற்பாட்டையும் கடைசிப் பாட்டையும் மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு வரச் சொல்லுங்கள். சுருதிப் பெட்டி தேவையில்லை.